அத்தா ஓடவைத்துப் போன மெஷின்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கும். சர்க்கரை, பிரஷர் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, வீட்டில் எது ரிப்பேர் என்பதில் வந்து உட்காரும். போன வாரம் என் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. பார்க்க வந்த ஆள் மூடியைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "இந்த மாடலுக்கு ஸ்பேர் வராதும்மா, புதுசு வாங்கிருங்க" என்று செல்போனைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஸ்பேர் கிடைக்காது என்று சொன்னதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடிப் புறப்பட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனவள் நான். அவர் என் அத்தா.

அத்தா சவுதியில் இருந்தார். வெளிநாட்டில் பிழைக்கும் ஆண்களை எங்கள் தெருவில் சபராளி என்பார்கள். காரைக்குடியில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் சபராளி வீடுகள்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அத்தா வருவார். வாசலில் கார் நிற்கும், கயிறு கட்டிய பெட்டிகள் இறங்கும், வீடு முழுக்க அத்தரும் தைலமும் சோப்பும் கலந்த ஒரு வாசனை பரவும். அந்த வாசனை தீர்வதற்குள் அத்தா போய்விடுவார். உங்களில் பலருக்கு அப்பா என்றால் ஒரு முகம் இருக்கும், ஒரு அதட்டல் இருக்கும். எனக்கு அத்தா என்றால் ஒரு பெட்டிதான்.

அப்படி ஒருமுறை வந்தபோது கொண்டுவந்ததுதான் அந்த மெஷின். இரட்டைத் தொட்டி. இடது பக்கம் துவைக்கும், வலது பக்கம் பிழியும். பச்சை மூடி. மேலே திருகுகிற டைமர் ஒன்று. அதைத் திருகிவிட்டால் கடிகாரம் போலச் சத்தம் போட்டுக்கொண்டே குறைந்து, கடைசியில் கிர்ரென்று கத்திவிட்டு நிற்கும். எங்கள் தெருவில் அதுதான் முதல் மெஷின். வந்த புதிதில் பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வந்தார்கள், ஏதோ பெண் பார்க்க வருவதைப் போல. அத்தா திரும்பிப் போனதும் அம்மா அதைத் துடைத்து, பூப்போட்ட போர்வையால் மூடி, அடுப்படிக்குப் போகும் நடையில் சுவரோரமாக வைத்துவிட்டாள். துணியைக் கிணற்றடிக் கல்லில்தான் துவைத்தாள். கேட்டால், "நம்ம ரெண்டு பேரு துணிக்கு மெஷினு எதுக்குடி?" என்பாள்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அம்மா, நான். நான் ஒரே பிள்ளை. பக்கத்து வீட்டில் மாமி இருந்தார், அத்தாவின் அக்கா. நடுவில் ஒரு சுவர்தான். எங்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் அங்கே கேட்கும், அங்கே இருமினால் இங்கே கேட்கும். தம்பி சம்பாத்தியத்தில் அக்காவாகிய தன் கண் எப்போதும் இருக்க வேண்டும் என்பது மாமியின் எண்ணம். கண்ணைவிடக் காது நன்றாக வேலை செய்தது.

நான் ஆறாவது படித்த வருஷம் அத்தா மறுபடி வந்தார். வந்த மறுநாள் காலையில், மாமி முன்னால் மெஷினை ஓட்டிக் காட்டலாம் என்று போர்வையை உருவிவிட்டுப் பிழிகிற பக்கத்து மூடியைத் திறந்தார். உள்ளே கழுத்துவரை புழுங்கல் அரிசி. துவைக்கிற பக்கம் திறந்தால் ஒரு சாக்குப் பையில் புளி, அதன் மேல் வெங்காயம்.

அத்தா ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்த்தார்.

"ஏம்மா, இது அரிசி போட்டு வைக்கிற பெட்டியா?" என்றார்.

"மூடி நல்லா இறுக்கமா இருக்குங்க. வண்டு வரல" என்றாள் அம்மா. பதில் நியாயமாகத்தான் இருந்தது.

வண்டுதான் வரவில்லையே தவிர எலி வந்திருந்தது. அரிசி வாசனைக்கு அடிப்பக்கமாகப் புகுந்து, உள்ளே இருந்த பெல்ட்டைக் கடித்துத் துண்டாக்கி, அங்கேயே குட்டியும் போட்டிருந்தது. மாமி தாடையில் கைவைத்தார். "நாயிக்குக் கெடச்ச தெங்கம்பழம்னு சும்மாவா சொன்னாக? ஏந்தம்பி வெயில்ல கெடந்து சம்பாரிச்சு வாங்குனத எலிப்பொந்தா ஆக்கி வச்சிருக்கீகளே" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா முறத்தை எடுத்துவந்து அரிசியை அள்ளத் தொடங்கினாள்.

அத்தா எலிக்குட்டிகளை அள்ளிக் கொல்லையில் விட்டுவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார். "இத ஓட வைக்காம நான் வண்டியேற மாட்டேன்."

சும்மா ஒரு வேகத்தில் சொன்னது. விசாவில் திரும்பிப் போக ஒரு கெடு இருந்தது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: மெஷின் ஓடினால் அத்தா போய்விடுவார், ஓடாவிட்டால் போகமாட்டார். அன்றைக்கே அந்த எலியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சனி, ஞாயிறும் பள்ளிக்கூடம் இல்லாத மற்ற நாளும் அத்தா என்னையும் தேடலுக்குக் கூட்டிப்போனார். அறுந்த பெல்ட்டைத் துண்டில் சுருட்டி என் மடியில் கொடுப்பார். முதலில் புதுவயல். அங்கே வரிசையாக அரிசி ஆலைகள். பெல்ட் இல்லாத ஆலை ஏது, அங்குட்டுப் போனால் கிடைத்துவிடும் என்பது அத்தாவின் கணக்கு. தெருவெல்லாம் அவித்த நெல்லின் வாடை, லாரிகள், காற்றில் பறந்து கண்ணில் விழும் உமி. ஆலைச் சாமான் விற்கிற கடையில் தொங்கிய பெல்ட்டுகள் ஒவ்வொன்றும் எங்கள் மெஷினையே சுற்றிக் கட்டிவிடலாம் போல நீளம். கடைக்காரர் எங்கள் பெல்ட்டை விரலில் மாட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது எதுல உள்ளது பாய்?"

"துணி தொவைக்கிற மெஷின்ல உள்ளது."

"அதுக்கு எதுக்குப் பெல்ட்டு? கையி இருக்குல்ல?" என்றவர், என்னைப் பார்த்து, "பாப்பா என்ன படிக்கிது?" என்று கேட்டார்.

"நாலாப்பு" என்றார் அத்தா.

நான் படித்தது ஆறாவது. அவர் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனபோது நான் நாலாவதுதான். போன இடத்தில் அவருக்கு நான் நாலாவதிலேயே நின்றிருக்கிறேன். திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே, "வாய்ப்பாடு எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டார். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தேன். நாலாவதில் இவ்வளவு தெரிகிறதே என்று அவருக்கு ஒரே பெருமை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அலைந்த கதையாக அப்படி அலைந்தோம். தையல் மெஷின் பெல்ட் வழுக்கியது. சைக்கிள் டியூபை அறுத்து மாட்டினால் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு கடைக்காரரும் உதட்டைப் பிதுக்கும்போது அத்தாவின் முகம் விழும். எனக்கு உள்ளுக்குள் சர்க்கரை கரையும். வரும் வழியில் அவர் வாங்கித் தரும் கலர் சோடாவைக் குடித்தபடி, அடுத்த வாரமும் போகலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அத்தா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "விடுங்களேன். கெணத்தடியில கல்லு இருக்கு. வெயிலுக்குள்ள எதுக்கு அலையிறீக? வீட்டுலதான் இருங்களேன்."

"உனக்கொண்ணும் தெரியாது. அங்கன ஒவ்வொரு நாளும் நெனச்சுக்குவேன், நீ குனிஞ்சு குனிஞ்சு தொவைக்கிறத. இத முடிச்சுக் குடுத்துட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதி" என்றார் அத்தா.

வீட்டுலதான் இருங்களேன் என்று அம்மா சொன்னதை அத்தா கேட்கவே இல்லை. நானும் அப்போது கேட்கவில்லை, செருப்பை மாட்டுகிற அவசரத்தில் இருந்தேன். அந்த விடுமுறையில் எனக்கு அத்தா கிடைத்தார். அம்மாவுக்கு மெஷின்தான் கிடைத்தது.

பெல்ட் கடைசியில் திருப்பத்தூரில் கிடைத்தது. சந்தை நாள். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. கோழிக் கூடைகளுக்கும் வெற்றிலைக் கட்டுகளுக்கும் நடுவே அத்தா நின்றுகொண்டே வந்தார். மாவரைக்கிற கிரைண்டருக்குச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் துண்டை அவிழ்த்தோம். கடைக்காரர் ஒரு புது பெல்ட்டை எடுத்து எங்கள் பழசின் மேல் பொருத்திக் காட்டினார். அச்சு அசலாக இருந்தது. அத்தா கடைக்காரரின் கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன். வயிறு சரியில்லையா என்று அத்தா கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனால் எனக்கு இன்னும் நல்ல காலம் இருந்தது. பெல்ட்டை மாட்ட, தொட்டிக்குள் இருக்கும் தட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தத் தட்டுதான் சுழன்று துணியைப் புரட்டும். சாப்பாட்டுத் தட்டு அகலம், மேலே மூன்று மேடு. இரண்டு வருஷப் புளியில் அதன் அச்சு துருப்பிடித்து இறுகியிருந்தது. அத்தா எண்ணெய் விட்டார், தட்டினார், வெந்நீர் ஊற்றினார். பிறகு பொறுமை போய்ச் சுத்தியலை எடுத்தார். தட்டு இரண்டாகப் பிளந்தது. அத்தா தொட்டிக்குள் தலையை விட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தார். நான் கொல்லைக்கு ஓடிப்போய்த் துள்ளிக் குதித்தேன்.

பெல்ட்டாவது பரவாயில்லை. அந்தத் தட்டை எங்கே போய்த் தேடுவது? அப்போதுதான் எங்கள் ஊருக்கே உரிய ஒரு யோசனை வந்தது. காரைக்குடியில் எது உடைந்தாலும் எங்களுக்குத் தேக்குதான் ஞாபகம் வரும். பழைய வீடுகளை இடித்துத் தூணும் கதவும் விற்கிற கடைகள் அப்போதே இருந்தன. அத்தா அங்கே ஒரு கட்டையை வாங்கி, மரம் கடைகிற ஆசாரியிடம் உடைந்த தட்டை ஒட்டிக் காட்டினார். ஆசாரிக்கு ஒரே உற்சாகம். "பர்மாத் தேக்கு பாய். நூறு வருசம் நிக்கிம். மெஷினு போனாலும் தட்டு போகாது" என்றார். அழகாகத்தான் கடைந்தார். ஓரத்தில் கேட்காமலே ஒரு பூவேலைகூடப் போட்டுக் கொடுத்தார்.

அதை மாட்டி, மாமியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மாமியின் வீட்டுக்காரரான மாமாவின் வெள்ளைச் சட்டைகளைப் போட்டு அத்தா டைமரைத் திருகினார். தட்டு கம்பீரமாகச் சுற்றியது. எனக்கு அழுகை முட்டியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீத்தண்ணி நிறமானது. பிறகு கருப்பட்டிக் காப்பி நிறமானது. சட்டைகளை வெளியே எடுத்தபோது ஒவ்வொன்றும் காவி. "ஏந்தம்பி, ஒங்க மச்சான நான் பள்ளிவாசலுக்கு அனுப்பவா, பழனிக்கு அனுப்பவா?" என்று மாமி கத்தினார். அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடினாள், அத்தாவும் பின்னாலேயே போனார். உள்ளே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்குள் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுநாள் மரத்தட்டு ஊறி உப்பித் தொட்டியோடு இறுகிவிட்டது. அத்தா அதைச் செதுக்கித்தான் எடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். விடுமுறையில் மிச்சம் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதை அந்தச் சிரிப்பிலேயே கழித்திருக்கலாம். ஆனால் கடைவீதியில் எலக்ட்ரிக் கடைக்காரர் ஒரு தகவல் சொன்னார். "கோட்டையூர்ல ஒரு ஆச்சி வீட்டுக்கு நாந்தான் பிளக் வச்சுக் குடுத்தேன். இதே மாதிரி பச்சை மூடி. மலேசியாவுலருந்து வந்துச்சு. போயிக் கேட்டுப் பாருங்க."

ஆச்சி என்றதும் பொக்கைவாய்க் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களுக்கு வயது என்னவானாலும் ஆச்சிதான். இந்த ஆச்சிக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். தலை நரைக்கவில்லை. இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீண்ட வீடு. அதில் அவர் மட்டும் இருந்தார். பத்துப் பன்னிரண்டு அறைகளின் கதவுகளும் சாத்திப் பூட்டியிருந்தன. நடுமுற்றத்தில் ஒரே ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று முழுசாகக் கேட்பதற்கு முன்பே, "உள்ளுக்கு வாங்க, வெயில்ல நிக்கிறீகளே. பிள்ளைக்குப் பசிக்கும்" என்று கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

மெஷின் முற்றம் தாண்டி இரண்டாம் கட்டு அறையில் இருந்தது. ஆச்சி துணியை விலக்கினார். அதே பச்சை. மூடியைத் திறந்தால் உள்ளே அதே தட்டு, புத்தம் புதுசாக, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். நான் அத்தாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த மெஷின நீங்க ஓட்டலையா ஆச்சி?" என்று அத்தா கேட்டார்.

"எனக்கு ரெண்டு சேலை. அத அலச ஒரு யந்திரமா?" என்றார் ஆச்சி. "அவுக வாங்கி அனுப்பிச்சாக. நான் கஷ்டப்படக் கூடாதாம். போன வருசம் மிக்ஸி வந்துச்சு. அதுக்கு முந்தி டி.வி. சாமானா வருதே ஒழிய ஆளு வரக் காணோம். வந்து ரெண்டு மாசம் இருந்தா நான் அவுக துணியக் கையாலயே அலசிப் போடுவேன்ல?"

அத்தா ஸ்குரூ டிரைவரை எடுத்தபடி, "ஆமா ஆச்சி, தூரத்துல இருக்கவுகளுக்கு வீட்டு நெனப்பாவேதான் இருக்கும்" என்றார். ஆச்சி சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆனால் அதைத் தன் வீட்டுக் கதையாக அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மலேசியாவில் இருக்கும் ஆச்சியின் புருஷனுக்காகத்தான் அவர் மனம் இரங்கியது.

"தட்ட எடுத்துட்டா ஒங்க மெஷினு வீணாப் போயிருமே."

"இப்ப மட்டும் என்னத்தக் கிழிக்கிது? எடுத்துக்கிருங்க. ஒங்க வீட்டுலயாச்சும் ஓடட்டும்."

விலை என்ற பேச்சை எடுத்தபோது ஆச்சி கோபித்துக்கொண்டார். பணியாரம் சுட்டுத் தருகிறேன், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. ஒவ்வொன்றாகச் சுட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்; மொத்தமாக வைத்துவிட்டால் சீக்கிரம் எழுந்துவிடுவோம் என்று அவருக்குப் பயம். என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். "ஆறாப்பு" என்றேன். அத்தா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். கையில் பணியாரம் அப்படியே இருந்தது. வீடு நெருங்கியபோது சைக்கிளை நிறுத்தி, கீழே இறங்கி, என் தலையில் கைவைத்து, "ஆறாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

தட்டு பொருந்தியது. மெஷின் ஓடியது. இந்த முறை தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. தெருவே வந்து பார்த்தது. பிழிகிற பக்கம் தடதடவென்று அதிர்ந்ததில் நடையில் ஆணியில் தொங்கிய சல்லடை கீழே விழுந்தது. அத்தாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எப்புடி?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா ஈரத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். அதன்பிறகு அத்தா பெட்டி அடுக்கத் தொடங்கினார். மெஷினைப் பிடித்து உதைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

அவர் புறப்பட்டது ஒரு நடுப்பகலில். திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். கார் வந்தது, ஆண்கள் வழியனுப்பக் கூடவே ஏறினார்கள், மாமி குர்ஆன் வசனம் ஓதி அத்தாவின் மேல் ஊதிவிட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "போயிட்டு வாங்க" என்று சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கார் தெருவைத் திரும்பியதும் பெண்கள் எல்லாரும் மாமி வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூர தேசம் போகிறவர் வீட்டைவிட்டு இறங்கினால், அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று தகவல் வருகிறவரை வீடு கூட்டக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. முக்கியமாக அவர் உடுத்திப் போட்ட துணியைத் துவைக்கக் கூடாது. அதெல்லாம் மையத்து எடுத்த, சாவு நடந்த வீட்டில் செய்கிற வேலை. மார்க்கத்தில் இல்லாவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்பார் மாமி.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு தட்டு சுழல்கிற சத்தம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மாமி நெஞ்சில் கைவைத்தார். "யா அல்லா! காரு இன்னும் திருமயந் தாண்டியிருக்காது. அதுக்குள்ள அவன் துணியப் போட்டுத் தொவைக்கிறாளே! புருசன் போன வீட்டுல செய்யிற காரியமா இது? ஈரமத்தவ!" மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து உள்ளே ஓடினேன்.

நடையில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், முதுகை மெஷினில் சாய்த்து, காலை நீட்டி. மடியில் அத்தா காலையில் அவிழ்த்துப் போட்ட கைலி, மடித்தபடி, காய்ந்தபடி. அவள் வாய் திறந்திருந்தது, முகம் கோணியிருந்தது, உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மெஷின் போட்ட சத்தத்தில் அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் எக்கி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கைக்குட்டைகூட உள்ளே இல்லை.

டைமர் கிர்ரென்று கத்தி நின்றது. வீடு அமைதியானதும் அம்மாவின் குரல் பச்சையாக வெளியே வந்தது, வயிற்றிலிருந்து வருகிற ஒரு கேவல். அவள் கைலியை வாயில் அழுத்திக்கொண்டு, எழுந்திருக்காமலே கையை மட்டும் மேலே நீட்டி, டைமரை மறுபடி கடைசிவரை திருகினாள். தட்டு சுழலத் தொடங்கியது. கைலியை வாயிலிருந்து எடுத்தாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கினாள். என் காதருகே வந்து சொன்னாள்: "தொவைக்கலடி. தொவைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"மாமி உங்கள ஏசுறாகம்மா. நான் போயிச் சொல்லவா?"

என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேணாம். துணி தொவைக்கிறேன்னே இருக்கட்டும். நான் அழுதேன்னு மாமி அத்தாவுக்கு எழுதிருவாக. அவுகளுக்கு அங்கன வேல ஓடாது."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. புருஷன் கார் ஏறியதும் துணி துவைத்தவள் என்ற பெயர் அம்மாவுக்கு நிலைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கல் நெஞ்சு என்று சொல்ல வேண்டுமானால் அம்மாவைத்தான் உதாரணம் காட்டினார்கள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மத்தியானத்தில் தெரு அடங்குகிற நேரம் பார்த்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றி மெஷினை ஓடவிடுவாள். எங்கள் துணியை அவள் பழையபடி கிணற்றடிக் கல்லில்தான் துவைத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நடையில் ஈரம் இருக்கும், கொடியில் ஒன்றும் இருக்காது.

அத்தா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், தெருமுனை அரிசிக்கடை முதலாளி வீட்டுக்குப் போன் செய்தார். அழைத்துக்கொண்டு போக ஆள் வந்தது. அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள், பின்னால் நானும் மாமியும். முதலாளி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்து லைனில் கத்தித்தான் பேச வேண்டும். அத்தா பேசியது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"மெஷினு ஓடுதா?"

"ஓடுதுங்க" என்றாள் அம்மா.

"தெனமுமா?"

"ஆமாங்க. தெனமும் ஓடுது."

அத்தா கடல் தாண்டி அங்கே சிரித்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல? இனிமே உனக்கு அங்க ஒரு கஷ்டமும் இல்ல."

"ஆமாங்க" என்றாள் அம்மா.